வைகாசியில் இரண்டு துவிதியை

பாளையங்கோட்டை
24.5.1995

அன்புள்ள சாலோமிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தைக்குக் கை கூசுகிறது. கப்பல் பதினான்காம் தேதி சென்னைக்கு வந்தது. அன்று இரவே நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்து மறுநாள் ஜங்ஷனில் இறங்கினோம். என் வீட்டுக்காரரின் அப்பாவின் திதிக்கு நாள் தவறாமல் வந்துவிட்டோம்.

போர்ட் பிளேர் துறையில் நீங்கள் இருவரும் நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை. உன் துணிமணியெல்லாம் பாறையில் ஏறிய படகுக்குள் கிடக்க, என் பச்சை நூல் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாய். உன் உயரத்துக்கு அது குட்டை. கணுக்கால் தெரியக் கையை ஆட்டினாய். நான் பதிலுக்கு ஆட்டினேனா என்று நினைவில்லை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ என்னை எதற்கும் அழைத்து நான் வந்ததில்லை. முதல் தடவையாக வந்தேன். விருந்துக்கு வந்தவர்கள் உங்களுக்கு வீடாக இருந்த படகை உடைத்துவிட்டுக் கப்பலேறிப் போனோம்.

படகை இறக்க முடிந்ததா? "பௌர்ணமிக்குக் கடல் ஏறும் தங்கச்சி. பைய மிதக்க விட்டு இழுத்துருவேன்" என்று ஞானதுரை அண்ணன் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். இவரும் தினம் நாலு தடவை, "இழுத்திருப்பா இல்லையா பாகீ?" என்று கேட்கிறார். நான் ஆமாம் என்கிறேன்.

உடனே எழுது. ஒரு வரி போதும்.

உன்
பாகீரதி


ரங்கத், நடு அந்தமான்
14.6.1995

ஏட்டி பாகீ,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

படகு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் தேடிக்கொண்டு வராதே. பௌர்ணமிக்கு முந்தின நாள் மறுபடியும் காற்றுப் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கக் கடல் அதைத் தூக்கித் தூக்கிப் பாறையில் போட்டிருக்கிறது. விடிந்து போய்ப் பார்த்தால் அடிமரம் இரண்டாக முறிந்து கிடந்தது. அடுப்பு, ரேடியோ, என் தையல் மிஷின் எல்லாம் மணலுக்குள். 'பொதிகை' என்று பெயர் எழுதியிருந்த பலகையை ஒரு மீன்காரர் கொண்டுவந்து நீட்டினார். இவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது ரங்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆறு வருஷம் படகிலேயே தீவு தீவாகப் போய் இன்ஜின் பழுது பார்த்துப் பிழைத்தவர்களுக்குத் தரை அசையாமல் கிடப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது. காபி டம்ளரை மேசை ஓரத்தில் வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.

நீங்கள் இருந்த நாட்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. வந்த அன்றைக்கு நீ குளித்தாயே ஒரு குளியல்! குறுக்குத்துறைப் படித்துறையில் நிற்கிறவள் மாதிரி வாளி வாளியாய் மொண்டு ஊற்றினாய். நாலு பேர் குடிப்பதற்கு வைத்திருந்த பீப்பாய் காலி. வாய்வரை வந்தது, சொல்லவில்லை. மறுநாள், "ஒரு அழகான தீவு காட்டுகிறோம்" என்று கூட்டிப்போனோமே, அது தண்ணீர் பிடிக்கப் போனது. உன் வீட்டுக்காரர் அந்த ஓடையைப் பார்த்து, "ஆஹா, குத்தாலம்னா இது!" என்றார். இவரும், "ஆமா சார், குத்தாலமேதான்" என்று சொல்லிக்கொண்டு குடம் குடமாய்ச் சுமந்தார்.

இன்னொன்று. நீங்கள் இருந்தவரை படகில் மீன் ஏறவில்லை. சாயங்காலமானால், "ஒரு இன்ஜின் பாத்துட்டு வாரேன்" என்று இவர் பக்கத்துப் படகுக்குப் போவாரே, அங்கே எந்த இன்ஜினும் இல்லை. அசன் மைதீன் மீனை வறுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உன் வீட்டுக்காரர் ஒருநாள், "பாவம், எவ்வளவு உழைக்கிறார்!" என்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இவரைப் பற்றிக் கேட்பாய். தலை நிமிர்ந்துதான் நடக்கிறார். ஒரே ஒரு காரணத்தால். துறையில் யார் துக்கம் விசாரித்தாலும், "போட்டு போச்சு, சரி. ஒரு மகன் அவன் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை நாள் தவறாம செய்ய வச்சேன்லா. சும்மாவா போச்சு?" என்கிறார். இவருடைய அப்பா சாத்தான்குளத்தில் இறந்தபோது இவர் சரக்குக் கப்பலில் இருந்தார், உனக்குத் தெரியும். ஒரு பிடி மண் போட வரமுடியவில்லை. அதனால்தான் உன் கடிதத்தில் 'நாள் தவறாமல்' என்று இருந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடப் போய்விட்டார்.

சாலோமி


பாளையங்கோட்டை
5.7.1995

அன்புள்ள சாலோமிக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் பிரித்தேன். பிறகு புத்தக அலமாரிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன். யாரோ ஒரு பெண் பொருளாதாரப் புத்தகம் கேட்டாள். எதை எடுத்துக் கொடுத்தேனோ தெரியாது.

தண்ணீரைப் பற்றி ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முகம் மட்டும் கழுவிக்கொண்டிருப்பேன். உன் சிரிப்போடு அதை வாசித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இருவரும் சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டும்தானா என்று யோசிக்கிறேன்.

லாங் ஐலண்டில் அந்தச் சாயங்காலம் திரும்பத் திரும்ப வருகிறது. அலை படகை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நாம் நால்வரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அண்ணன் சொன்னார், "மூணு நாள் பொறுப்போம் சார். இந்தக் காத்து மூணு நாள்ல சலிச்சிரும்."

"மூணு நாள் பொறுத்தா கப்பல் போயிடும், ஞானதுரை" என்றார் இவர். "அடுத்தது பத்து நாள் கழிச்சு. வைகாசி தேய்பிறை துவிதியை, அப்பா திதி. நான் ஒரே பிள்ளை. நாள் தப்பப்படாது."

"கடலுக்குப் பஞ்சாங்கம் தெரியாதே சார்" என்று அண்ணன் சிரித்தார்.

நான்தான் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். பௌர்ணமிக்கு இரண்டாம் நாள் எது என்று விரலால் தடவிக்கொண்டே போய், "வைகாசி இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை" என்று வாசித்தேன். வழக்கமாக வாத்தியார்தான் நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவார். இந்த வருஷம் அவர் காசிக்குப் போயிருந்தார். நமக்கே பார்க்கத் தெரியாதா என்று எனக்கு ஒரு பெருமை. நான் வாசித்ததும் நீ அண்ணனைப் பார்த்தாய். அவர் எழுந்து நங்கூரக் கயிற்றைப் பார்க்கப் போனார். விடிந்ததும் புறப்பட்டோம். அலை குலுக்கியதில் டாங்கி எண்ணெய் கலங்கி இன்ஜின் அடைத்ததும், பாய் கிழிந்ததும், பாறையும் அதற்கப்புறம்.

உன் அம்மா மூலம் நாலு சேலையும் இரண்டு வேட்டியும் அனுப்புகிறேன். அம்மா போன மாதம் ஒருநாள் வந்தார்கள். அன்றைக்கு உள்ளே கூப்பிட முடியாமல் கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்பும்படி ஆகிவிட்டது. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுது.

பாகீரதி


ரங்கத்
30.7.1995

பாகீ,

அம்மாவின் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "புதன்கிழமை பாகீரதி வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கிட்டயே வந்து நின்னுக்கிட்டு, இன்னைக்கு மாமனாருக்குத் தெவசம், நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டா. பாவம், அழுத முகம் மாதிரி இருந்துச்சு."

கடிதத்தில் இருக்கும் தேதிப்படி அம்மா உன் வீட்டுக்குப் போன அந்தப் புதன்கிழமை ஜூன் பதினாலு. நீ படகில் வாசித்த செவ்வாய்க்கிழமை மே பதினாறு.

ஒரு மனுசனுக்கு வருஷத்தில் எத்தனை தெவசம் ஏட்டி?

சாலோமி


பாளையங்கோட்டை
16.8.1995

சாலோமி,

உன் கார்டு வந்து மூன்று நாள் ஆகிறது. கார்டில் எழுதியது நல்லது என்று நினைத்தேன். தபால்காரர் வாசித்திருப்பார், என் வீட்டில் எல்லோரும் வாசித்தார்கள். மறைக்க இடமில்லாமல் போனது.

ஒரு மனிதருக்கு ஒரு திதிதான். ஊர் வந்து இறங்கிய அன்றே வாத்தியார் வீட்டுக்குப் போனோம். வெங்கடசுப்பிரமணிய வாத்தியார் காசியிலிருந்து வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நான் தேதியைச் சொன்னதும், "ஏம்மா, இந்த வைகாசியில ரெண்டு தேய்பிறை துவிதியை வரதே, பாக்கலையா?" என்றார். மாதத்தின் ஆரம்பத்தில் ஒன்று, மாதம் முடிகிற அன்று இன்னொன்று. "ரெண்டு வந்தா பிந்தினதுதான் எடுத்துக்கணும். மாசக் கடைசி, புதன்கிழமை வச்சுண்டுடலாம்" என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான், "நீங்க சாவகாசமாவே வந்திருக்கலாமே" என்றார்.

இவர் வாத்தியார் வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

உனக்கு விளங்குகிறதா? துவிதியை என்று தேடினேன், முதலில் கண்ணில் பட்டதும் நிறுத்திவிட்டேன். அதே பக்கத்தில் கடைசி வரி வரைக்கும் விரலைக் கொண்டுபோயிருந்தால் போதும். நாளெல்லாம் புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறவள். ஒரு மாதத்தை முழுசாக வாசிக்கவில்லை.

'நாள் தவறாமல் வந்துவிட்டோம்' என்று மே மாதம் எழுதினேன். பொய்யில்லை என்று சொல்லிக்கொண்டுதான் எழுதினேன். படகு என்ன ஆயிற்று என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். தெரிந்த பிறகு சொல்லமுடியவில்லை.

அண்ணனுக்கு நானே தனியாக எழுதுகிறேன். என்ன எழுதுவது என்று மட்டும் சொல்.

பாகீரதி


ரங்கத்
3.9.1995

பாகீ,

எழுதாதே. ஒரு வார்த்தையும் எழுதாதே.

உன் கடிதம் வந்தபோது இவர் வீட்டில் இல்லை. "தங்கச்சி என்ன எழுதியிருக்கா?" என்று பிறகு கேட்டார். சேலை அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். "நமக்கு எதுக்கு? அங்கன அவங்களுக்கும் கஷ்டந்தான" என்றார். முகத்தைப் பார்க்க முடியாமல் அரிசி களையப் போனேன்.

என்ன நடந்தது என்று நீ சொன்னது எனக்கு முழுசாகப் புரியக்கூட இல்லை. ஒரு மாதத்தில் இரண்டு, அதில் பிந்தியது. புரிந்தவரைக்கும் போதும். படகு எதற்காகப் போனதோ அது மே மாதத்தில் இல்லவே இல்லை. அவ்வளவுதானே?

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் இவரைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். சும்மா பார்க்கவில்லை. 'கூட்டிட்டுப் போங்க' என்று கண்ணைக் காட்டினேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஏழு கடல் தாண்டி என்னைப் பார்க்க வந்த ஒரே ஆள் நீ. இவர் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். நான் விடவில்லை.

இங்கே என்ன பேசுகிறார்கள் தெரியுமா? படகைப் பாறையில் ஏற்றியவன் கையில் யார் இன்னொரு படகைக் கொடுப்பார்கள் என்று. இவர் காதிலும் விழுகிறது. அப்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் எடுத்து முன்னால் போடுகிறார். "தெரிஞ்சுதான்வே போனேன். ஒருத்தன் தகப்பன் காரியம்வே" என்று. கேட்டவர்கள் பேசாமல் போகிறார்கள். அசன் மைதீன், "நீரு செஞ்சது பெரிய நன்மைவே" என்று தோளில் தட்டினாராம். அன்று இவர் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். போன வாரம் மரம் விசாரிக்கப் போயிருக்கிறார். படாக் மரம், புதுப் படகுக்கு.

இவரிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை எடுக்காதே. உன் வீட்டுக்காரரையும் எடுக்க விடாதே.

சாலோமி


பாளையங்கோட்டை
11.2.1996

அன்புள்ள சாலோமிக்கு,

நீ சொன்னபடி இருக்கிறேன். அவரால் இருக்க முடியவில்லை.

கோர்ட்டில் எழுத்து வேலை செய்கிறவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும். "அவன் எனக்காக வீட்டையே இழந்திருக்கான். அவன்கிட்ட ஒரு பொய்யைக் கொடுத்துட்டு நான் எப்படி சாப்பிடறது?" என்கிறார். சாப்பிடுவதும் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுவாரே, உங்கள் படகில்கூட அந்த ஆட்டத்திலும் குறட்டை விட்டாரே, அதெல்லாம் போயிற்று. முன்னறையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு தடவை அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். நான் போடவில்லை. போடமாட்டேன் என்று தெரிந்துதான் என்னிடம் கொடுத்தார் என்று நினைக்கிறேன். பதில் வந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நேற்றுக் கேட்டேன்: "சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். அவருக்கு?" என்று. "உண்மை தெரிஞ்சா யாருக்கும் கெடுதல் இல்லை பாகீ" என்றார். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. வாசித்த புத்தகங்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது.

பாகீரதி


ரங்கத்
9.7.1996

ஏட்டி பாகீ,

இந்தக் கடிதம் நல்ல செய்தி. உட்கார்ந்து வாசி.

அடிமரம் போட்டாயிற்று! வீட்டுக்குப் பின்னால், தென்னைக்கு நடுவில், மீன் முள் மாதிரி விலா மரங்கள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் பாதி ரங்கத் இங்கேதான். ஆளுக்கொரு யோசனை. அசன் மைதீன் வந்து, "என்னவே, இதில சமையக்கட்டு எங்கன? மீன் வறுக்க இடம் விடும். இல்லைன்னா இதிலயும் இன்ஜின் பாக்க என் போட்டுக்குத்தான் வருவீரு" என்கிறார். இவர் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. பழைய சிரிப்பு.

போன மாதம் இவராகவே கேட்டார். "சார் அப்பாவுக்கு இந்த வருசமும் முடிஞ்சிருக்கும்லா? இந்தத் தடவை ஊர்லயே இருந்து நிம்மதியாச் செஞ்சிருப்பாரு." நான் ஆமாம் என்றேன். பொய் சொல்லச் சொல்ல நாக்குப் பழகிவிடுகிறது. அதைச் சொல்லிக் கவலைப்படவில்லை, சும்மா எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடியில் ஒரு பழைய இன்ஜின் இருக்கிறதாம். செப்டம்பரில் வந்து பார்க்கிறார். அம்மாவையும் பார்ப்பார். உன் வீட்டுக்கும் வருவார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? "சாரைப் பாக்காம வருவேனா?" என்கிறார்.

உன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன் பாகீ. இரண்டு மணி நேரம். காபி கொடு, சாப்பாடு போடு, பஸ் ஏற்றி அனுப்பு.

சாலோமி


பாளையங்கோட்டை
29.9.1996

சாலோமி,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அண்ணன் வந்து சேர்வதற்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தார். கையில் சங்கு, சிப்பி, ஒரு பாட்டில் தேன். "அந்தமான் தேன் தங்கச்சி, உங்க வீட்ல சாப்பிடலாம்லா?" என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அண்ணன் கையைப் பிடித்து இவர் உள்ளே கூட்டிவந்தார். எதையும் சொல்லக் கூடாது என்று காலையிலேயே இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சாப்பிட்டார்கள். அண்ணன் புதுப் படகைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு படுக்கை. "இந்தத் தடவை தண்ணிக்குப் பெரிய டாங்கி வைக்கேன், தங்கச்சி எவ்வளவு வேணும்னாலும் குளிக்கட்டும்" என்றார். அவரும் மறக்கவில்லை! மூன்று பேரும் சிரித்தோம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கிளம்பும்போது, "சாயங்காலம் காத்தாட பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று இவரும் செருப்பை மாட்டினார். நானும் வருகிறேன் என்றேன். "அடுப்புல பால் இருக்கு பார்" என்றார். பால் இருந்தது. அணைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அணைத்தேன். பிறகு அங்கேயே நின்றேன். ஏன் நின்றேன் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்லிவிட்டால் நானும் அந்தப் பாரத்திலிருந்து இறங்கிவிடலாம் என்று எனக்குள் ஒருத்தி நினைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தவர் முகம் கழுவிக்கொண்டு, "சொல்லிட்டேன் பாகீ" என்றார். பஞ்சாங்கத்தைச் சரிபார்க்காத தப்பு தன்னுடையது என்று சொன்னாராம், என்மேல் பழி போடவில்லை. "என்ன சொன்னார்?" என்றேன். "பரவாயில்ல சார்னான். கையைக் குலுக்கினான். பஸ்ல ஏறி உக்காந்துண்டான். மனுஷன்னா அவன் மனுஷன்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

பாகீரதி


ரங்கத்
15.12.1996

பாகீரதி,

உன் தபால் இவர் வந்த மறுநாள்தான் வந்தது. அதனால் ஒன்றுமில்லை. முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

இன்ஜின் வாங்கவில்லை, "சரியில்ல" என்றார். வழக்கம் போல மரவேலைக்குப் போனார். ஒருநாள் நான் காபி கொண்டுபோனேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, எதிரே தென்னையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பம் ஒரு மாசம் இருந்திருக்கு."

டம்ளரைப் பலகைமேல் வைத்தேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். இனி எதற்குப் பொய்? தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "நான் சொன்ன மாதிரி மூணாம் நாள் காத்து நின்னுச்சு சாலோமி. அவங்களைக் கப்பல் ஏத்தி விட்டதுக்கு மறுநாள். கரையில நின்னு பாத்தேன். கடல் எண்ணெய் மாதிரி கிடந்துச்சு. அன்னைக்கு எனக்கு அது பெருசாத் தெரியலை. அவரு போய்ச் சேரணும்லான்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். கத்தவில்லை, என்னையும் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மாலையில் படுதாவை எடுத்து விலா மரங்கள் மேல் போட்டு மூடினார். போன வாரம் மரத்தையெல்லாம் மாயாபந்தர்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பவர் ஹவுஸில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கரை வேலை. சனிக்கிழமை துறையில் யாரோ புது ஆள், "உங்க போட்டு எப்படிண்ணே போச்சு?" என்று கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன். "பாறையில ஏத்திட்டேன்" என்றார். தகப்பன் காரியம் என்று சொல்லவில்லை. இனிமேல் சொல்லமாட்டார்.

உன் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார், எங்களுக்கும் நல்லதாகப் போயிருக்கும். நடு ரோட்டில், பஸ் கிளம்புகிற நேரத்தில், ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டால் அவர் பரவாயில்லை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார் பாகீ? நீங்கள் விருந்தாளியாக வந்தபோதும் இவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

நேற்று இவர் கேட்டார்: "சார் இப்பம் நல்லா இருக்காரா?" தெரியாது என்றேன். அதற்கு மட்டும் பதில் எழுது. அதன் பிறகு எழுத வேண்டாம். உன் கையெழுத்தில் உறை வந்தால் இவர் எட்டிப் பார்க்கிறார், வாசிக்கச் சொல்லமாட்டேன் என்கிறார். எனக்கு இருவருக்கும் நடுவில் நிற்க முடியவில்லை.

சாலோமி


பாளையங்கோட்டை
12.1.1997

சாலோமி,

சரி. இதற்குப் பிறகு எழுதமாட்டேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையோடு இரண்டு தடவை ஆரம்பித்தேன். கேட்டால் உனக்கும் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

அண்ணன் கேட்டதற்குப் பதில்: நன்றாக இருக்கிறார். கோர்ட்டுக்கு ஒழுங்காகப் போய் வருகிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். ஊரில் எல்லோரிடமும் அண்ணனைப் பற்றித்தான் சொல்கிறார், அப்படி ஒரு பெரிய மனசு யாருக்கும் வராது என்று. கேட்பவர்களும் ஆமாம் என்கிறார்கள். நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உள்ளறையில் படுத்திருக்கிறார். ஒன்றரை வருஷமாகப் பகலில் கண் மூடாதவர். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குறட்டைச் சத்தம் கேட்கிறது.

அண்ணன் மறுபடி கேட்டால் இதைச் சொல். கேட்காவிட்டால் சொல்லாதே.

பாகீரதி